சாயங்காலம் வந்துரலாமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மத்தியானம் பெரியப்பா வீட்டுக்குள் நுழையும்போதே மார்க் அவருக்குத் தெரிந்திருக்கும். மணிக்கூண்டு டீக்கடையில் யார் மார்க்கும் ரகசியமில்லை. செருப்பைக் கழற்றியபடியே ஆரம்பிப்பார்.

"அடுத்து என்ன பாப்பா படிக்கப் போற?"

"மெரைன் பயாலஜி, பெரியப்பா."

"அது எந்த பஸ்சு?"

திண்டுக்கல்லில் தெருவுக்கு ஒரு பெரியப்பா உண்டு. சொந்தக்காரராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. எந்தப் படிப்பையும் அவர் ரூட்டாகத்தான் பார்ப்பார். பி.காம். என்றால் டவுன் பஸ். வக்கீல் படிப்பு என்றால் மதுரை, ஆரப்பாளையத்தில் இறங்கணும், பரவாயில்லை. இஞ்சினியரிங் என்றால் காலேஜ் பஸ் தெருமுனைக்கே வரும், ரொம்ப நல்ல படிப்பு. கடல் உயிரியலுக்குப் பேர்போன இடம் பரங்கிப்பேட்டை. அங்கே போனால் சாயங்காலம் வீடு திரும்ப முடியாது. ஆகவே அப்படியொரு படிப்பே உலகத்தில் இல்லை.

ஸ்ரீநகரில் கிளம்பி கன்னியாகுமரி வரை ஓடும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை இந்த ஊரை உரசிக்கொண்டு போகிறது. மதுரைக்கும் திருச்சிக்கும் கரூருக்கும் பழனிக்கும் தண்டவாளம் பிரிகிற ஜங்ஷன் இது. ஊரே பயணத்துக்கென்று அமைந்திருக்கிறது, பெரியப்பாவின் பிளாட்பாரத்தில் மட்டும் எந்த வண்டியும் நிற்பதில்லை.

பூட்டுக்கு மட்டும் இந்தச் சாயங்காலச் சட்டம் பொருந்தாது. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது தெருவெல்லாம் லட்டு கொடுத்தவர் அவர். அவருடைய பூட்டுக்கடையில் மாங்காய்ப் பூட்டு ஒரு மூலையில் நாலைந்து தொங்கும், மற்றதெல்லாம் அலிகார் சரக்கு. பூட்டு உத்தரப்பிரதேசத்திலிருந்து வரலாம். பிள்ளை பரங்கிப்பேட்டைக்குப் போகக் கூடாது.

முன்பெல்லாம் இஞ்சினியரிங் கவுன்சிலிங்குக்குச் சென்னைக்கே போக வேண்டியிருந்ததால் பெரியப்பா கூட வரமாட்டார். அன்றைக்கே திரும்ப முடியாதே! 2018-ல் அது ஆன்லைனுக்கு மாறியது பலருக்கு வசதியாகப் போயிற்று, எல்லாரையும்விட பெரியப்பாவுக்கு. பிரவுசிங் சென்டரில் கீபோர்டுக்குப் பக்கத்து ஸ்டூல் இப்போது அவருடையது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். விருப்பப் பட்டியலில் மேலே இருக்கிற கல்லூரி கிடைத்துவிட்டால் கீழே இருப்பதைக் கம்ப்யூட்டர் திரும்பிக்கூடப் பார்க்காது. வரிசைதான் தலையெழுத்து. அந்த வரிசையைப் பெரியப்பா கிலோமீட்டர் கணக்கில் அடுக்குவார். 195 கட்-ஆஃப் வைத்திருந்த பையன் ஒருவன் கிண்டியை முதலில் போட்டான்.

"1794-ல ஆரம்பிச்ச காலேஜு, பெரியப்பா."

"அம்புட்டுப் பழைய கட்டடமா? மழைக்கு ஒழுகும்டா."

கிண்டி பதினேழாவது இடத்துக்கு இறங்கியது. "லாக் பண்ணு" என்றார். பூட்டு வியாபாரியே சொன்ன பிறகு யார் மறுப்பது? பையனும் மறுக்கவில்லை. நல்ல பிள்ளையாக வீட்டுக்கு வந்து, ராத்திரி அக்காவின் போனில் கிண்டியை மறுபடி மேலே ஏற்றிவிட்டு அப்புறம்தான் லாக் செய்தான்.

வத்தலக்குண்டிலிருந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போன பி.ஆர். ராஜம் ஐயர்தான் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதினார், 'பிரபுத்த பாரத' பத்திரிகைக்கு ஆசிரியராகவும் இருந்தார் என்று ஒரு தமிழ் வாத்தியார் பெரியப்பாவிடம் வாதாடிப் பார்த்தார். பெரியப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, ராஜம் ஐயர் எத்தனை வயசு வரை இருந்தார் என்று விசாரித்தார். இருபத்தாறு. "பாத்தீங்களா சார், வீட்டுச் சாப்பாடு இல்ல."

2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. டாக்டருக்குப் படிக்கக்கூட இனி பஸ் ஏற வேண்டாம் என்று குதித்தார். இடம் மாநில அளவில் ரேங்க் பார்த்துத்தான் ஒதுக்கப்படும், நம்மூர்ப் பிள்ளைக்கு நாகப்பட்டினமும் விழலாம் என்பதை அவருக்கு விளக்க யாருக்கும் மனசு வரவில்லை. 2023 மே மாதம் அண்ணாமலையார் மில்ஸ் பள்ளியில் படித்த தச்சுத் தொழிலாளியின் மகள் பிளஸ் டூவில் 600-க்கு 600 எடுத்து, ஆடிட்டர் ஆகப் போவதாகச் சொன்னார். அன்றிலிருந்து பெரியப்பா பார்க்கிற பிள்ளைக்கெல்லாம் ஆடிட்டர்தான். அந்தப் பெண் தன் ஆசையைத் தானே சொன்னார் என்கிற விஷயம் மட்டும் அவர் காதில் ஏறவில்லை.

பையன்கள் என்றால் சண்டை போட்டுக் கோயம்புத்தூர் ஹாஸ்டல் வரை சம்மதம் வாங்கிவிடலாம். பெண்பிள்ளைகளுக்கு பஸ் மாறக் கூடாது என்பது கூடுதல் விதி. 2021-ல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்தது. பெண்கள் வெளியே போய்வரட்டும் என்று கொண்டுவந்த திட்டத்தைப் பெரியப்பா எல்லைக்கோடாக மாற்றிக்கொண்டார். "காசில்லாமப் போற தூரத்துலயே காலேஜு இருக்கும்போது, அதுக்கு மேல என்னத்துக்குத்தா?" ஒரு வீட்டில் அப்பா அம்மா இரண்டு பேரும் திருச்சிக்குச் சரி சொல்லியிருந்தார்கள். இவர் வந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போனார். சம்மதமும் அவரோடு போயிற்று. அந்தப் பெண் இப்போது ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

அவரைத் திட்டித் தீர்க்கவும் முடியவில்லை. மெரைன் பயாலஜி பாப்பா பிடிவாதமாகக் கிளம்பிய அதிகாலையில், காமராஜர் பேருந்து நிலையத்தில் எல்லாருக்கும் முன்னால் நின்றவர் பெரியப்பா. திருச்சி பஸ் நிற்பதற்குள் கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் தோள் துண்டை எறிந்து சீட் பிடித்தார். பெட்டியைத் தானே ஏற்றினார். கண்டக்டரிடம், "பிள்ளை தனியாப் போகுது, பாத்துக்கங்க" என்று மூன்று தடவை சொன்னார். பஸ் கிளம்பியது, துண்டோடு.

வண்டி மணப்பாறை தாண்டுவதற்குள் போன் வந்தது.

"பாப்பா, துண்டு உன்கிட்டத்தான இருக்கு? சனிக்கிழமை வரும்போது எடுத்துட்டு வந்துரு."