அடுப்பைத் தொடாத சமையல்காரர்

ஆண்டிபட்டியில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "யாரும் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. அஞ்சே நிமிசம், தட்டை நான் பாத்துக்கிறேன்" என்பார். அவர் மனைவிக்கு அந்த நொடியே தலைவலி தொடங்கிவிடும். முன்பெல்லாம் இந்தச் சோதனை எப்போதாவதுதான் வரும். 2022 மே மாதம் மதுரை–தேனி ரயில் அகலப் பாதையில் ஓடத் தொடங்கியதிலிருந்து, சொந்தபந்தம் சொல்லாமல் கொள்ளாமல் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி வந்து இறங்குகிறது.

அந்தத் தட்டு, பெங்களூரில் மகன் வீட்டில் பார்த்துவந்த வித்தை. மரப்பலகையில் சீஸ், பழம், பிஸ்கட், முந்திரி. கல்லாமை மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தின்றோமே, தேங்காய்ச் சில்லோடு வெல்லம் கடித்தோமே, அதற்கெல்லாம் அடுப்பா பற்ற வைத்தோம் என்று கேட்டால் முறைப்பார். "அது திங்கிறது. இது வைக்கிறது."

வைப்பவர் நாற்காலியை விட்டு அசைய மாட்டார். சப்பாத்திப் பலகையில் காய்ந்த மாவைத் தேய்த்துக் கழுவுவது மகள். சீஸ் வாங்க பைக்கில் பறப்பது இளைய மகன். கொடைக்கானல் சீஸ்தான் வேண்டும் என்று போனில் அதிகாரம் தூள் பறக்கும். கடைக்காரரிடமோ, குச்சி ஐஸுக்கு அடியில் உறைந்து கிடக்கும் சீஸ் கட்டிகள்தான் உண்டு.

தட்டின் நடுநாயகம் கம்பம் பன்னீர் திராட்சை. "2023ல புவிசார் குறியீடு வாங்குன பழம்யா! மஸ்கட் ஹாம்பர்க்னு பேரு. மத்த ஊர்ல சீசனுக்குத்தான் கெடைக்கும், நம்ம பள்ளத்தாக்குல வருசம் பூரா வெட்டு." குறியீட்டுக்கு மனுப் போட்டதே தாம்தான் என்பதுபோல் இருக்கும் பேச்சு. எல்லாம் சரி, பழத்துக்குள் விதை இருக்கிறதே? "வந்தவங்க துப்பிக்கிட்டே இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று ஒரு குரல். அடுப்படித் தரையில் உட்கார்ந்து மனைவி ஊக்கால் விதை நோண்டுவார். கீறியதும் சாறு பீறிட்டு, சதை ஒரு பக்கமும் தோல் ஒரு பக்கமுமாக வழுக்கும். விரல்நுனியெல்லாம் கத்தரிப்பூ நிறம். பூரிக்குக் கிழங்கு மசித்திருந்தால் இந்நேரம் பரிமாறியே முடித்திருக்கலாம்.

சித்திரை வெயிலில் சீஸ் வியர்க்கத் தொடங்கியதும் தட்டு மின்விசிறிக்கு நேராக நகரும். இப்போதுதான் கலைஞர் எழுந்திருப்பார். செவ்வாழை வில்லைகளைச் சுற்றி அடுக்கி, பல் குத்தும் குச்சியில் ஒரு சீஸ், ஒரு திராட்சை எனக் கோத்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, ஒரு முந்திரியைத் திருப்பி வைப்பார். போட்டோ எடுக்கும்வரை யாரும் கை வைக்கக் கூடாது.

உள்ளதைச் சொன்னால், திராட்சையின் அந்தப் புளிப்பேறிய இனிப்போடு உப்புச் சீஸ் அருமையாகவே சேர்கிறது. மாங்காய்க்கு உப்புத் தொட்டு வளர்ந்த நாக்குக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அடுத்த வாரமும் தட்டு வரும்.

அன்று வந்திருந்த மதுரை அயித்தை ஒரு குச்சியை உருவி, சீஸைப் பக்குவமாகக் கழற்றி ஓரம் வைத்துவிட்டுத் திராட்சையை மட்டும் வாயில் போட்டுக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு மருமகனே. அப்படியே ஒரு வாய் காப்பித்தண்ணி கெடைச்சா..."

"இந்தா வந்துருச்சு அயித்தை!" என்று உள்பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஆறு காப்பி! காப்பியெல்லாம் ஒரு சமையலா?"