பிரம்ம கமலமும் வெளியூர்ப் பயணமும்: ஓர் ஆய்வு

தமிழ்நாட்டு மொட்டைமாடிகளில் பிரம்ம கமலம் என்று வழங்கும் செடி பிரம்மனுக்கு உரியதன்று, கமலமும் அன்று, கள்ளி. இந்த மூன்று செய்திகளையும் எதிர்வீட்டு மாமியிடம் ஒரே மூச்சில் சொன்னதன் விளைவாக எங்களுக்குள் எட்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. ஆய்வாளன் இத்தகைய இழப்புகளுக்கு அஞ்சலாகாது.

பெயராராய்ச்சி முதலில். அசல் பிரம்ம கமலம் இமயமலையில் சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் பூப்பது, சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது, உத்தராகண்டின் மாநில மலர். நம் வீட்டுத் தொட்டியில் இருப்பதோ மெக்சிகோ, குவாத்தமாலா காடுகளில் மரக்கிளை மேல் தொற்றிக்கொண்டு வளர்கிற ஜாதி. தாவரவியலார் இதை எபிஃபில்லம் ஆக்சிபெட்டாலம் என்பர். எபிஃபில்லம் என்றால் இலைமேல் இருப்பது. இலையின் ஓரத்தில் பூக்கிறதே என்று வைத்த பெயர். அவர்கள் இலை என்று கண்டது இலையே அல்ல, தட்டையாகிப் போன தண்டு. ஆக, நாட்டார் வழக்கில் பிழை இரண்டு, நூல் வழக்கில் பிழை ஒன்று. அறிவியல் ஒரு பிழை முன்னிலையில் இருக்கிறது. கேரளத்தார் நிஷாகந்தி, இரவில் மணப்பது, என்று மட்டும் சொல்லிப் பிழையின்றித் தப்பினர்.

இங்கு ஓர் இடையீடு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களைச் சொல்லிவிட்டு நூறாவதைச் சொல்லாமல் விட்டது இந்தப் பூவைக் கருதித்தான் என்று எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாதிடுகிறார். நள்ளிரவில் பூத்ததால் புலவர் தூங்கிவிட்டார் என்பது அவர் துணிபு. மெக்சிகோவிலிருந்து அது அதற்குள் கப்பலேறியிருக்க வேண்டுமே என்று கேட்டால், “கப்பல் இல்லேன்னு உனக்கு யாரு சொன்னா?” என்கிறார். இதற்கு மறுப்பு எழுதத் தனி நூல் வேண்டும்.

இனி, நாளேடுகள். ஒவ்வோராண்டும் ஏதாவது ஓர் ஊரிலிருந்து ‘ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பூக்கும் அபூர்வ மலர், பொதுமக்கள் வியப்பு’ என்று செய்தி வந்துவிடும். படத்தில் பூவும், அதன் பின்னே நைட்டிமேல் துண்டு போட்ட பெண்மணிகளும் இருப்பர். எல்லா மாவட்டத்திலும் ஆண்டுதோறும் நிகழ்வதை அபூர்வம் என்பது எவ்வாறு? நீலக்குறிஞ்சி சொல்லிக்கொள்ளட்டும், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. நம் கள்ளியோ தேறிய செடியாக இருந்தால் ஒரே பருவத்தில் இரண்டு மூன்று தவணையாகப் பூக்கும். அபூர்வமானது பூவன்று, அந்த இரவில் நாம் விழித்திருப்பதே என்று உரை கொள்க.

பூக்க வைப்பது எப்படி என்பதில் அறிஞர் பலவாறு மாறுபடுவர். அரிசி கழுவிய தண்ணீர் என்பது மூத்த கட்சி. வெங்காயத் தோலை ஊறவைத்து ஊற்றுவது, வாழைப்பழத் தோலைப் புதைப்பது எல்லாம் பிற்காலத்து இடைச்செருகல். இவற்றுக்கெல்லாம் முந்தியது துடைப்பக் கட்சி. காய்க்காத முருங்கைக்குச் செய்வதுபோலப் பழந்துடைப்பத்தைச் செடியில் கட்டி, “இந்த வருஷம் பூக்கலேன்னா பிடுங்கி எறிஞ்சிடுவேன்” என்று காதில் விழும்படி சொல்ல வேண்டும். கள்ளிக்குக் காது எங்கே என்ற வினாவை இக்கட்சியார் எழுப்புவதில்லை.

என் செடி 2016-இல் சித்தி வீட்டிலிருந்து ஒற்றை ‘இலை’யாக வந்தது. பெரிய தொட்டியாகப் பார்த்து நட்டேன். மாதம் தவறாமல் தொழுவுரம், தினமும் தண்ணீர், வெயில் படாமல் போர்ட்டிகோவில் இடம். ஏழு ஆண்டில் அது வாள்போல நீண்டு ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து ஹாலை எட்டிப்பார்த்தது. ஒரு மொட்டு விடவில்லை. என் மனைவி துடைப்பம் கட்டினாள். பயனில்லை. கடைசியில் தண்டனையாக ஒரு சின்னப் பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றி, மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டு மறந்துபோனோம்.

மறு ஆண்டு ஒரு காதுகுத்துக்காகத் திருநெல்வேலி போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பினோம். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே மாமி எட்டு மாத மௌனத்தைக் கலைத்தார். “நேத்து ராத்திரி உங்காத்து மாடில அஞ்சு பூ. தெருவே வந்து பாத்துது. கற்பூரம் காட்டினோம். போட்டோ அனுப்பட்டுமா?” அவரிடம் மாடிச் சாவி எப்படி வந்தது? என் மனைவிதான் தண்ணீர் ஊற்றக் கொடுத்திருக்கிறாள். அவர்களுக்குள் பேச்சு ஒருநாளும் நின்றதில்லை என்பது இவ்வாய்வின் துணைக் கண்டுபிடிப்பு.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பிழிந்துபோட்ட கைக்குட்டைபோல ஐந்து தொங்கின.

அடுத்த தவணை பூத்தபோது நான் ஆஸ்பத்திரியில் மாமனாருக்குத் துணையாக இருந்தேன். அதற்கடுத்தது, கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தன்று. தரவுகள் மூன்று, மூன்றிலும் நான் இல்லை. ஆகவே, செடி பூப்பதற்கு வீட்டுக்காரர் வெளியூர் போதல் இன்றியமையாதது என்பது நம் கோட்பாடு.

இதை மறுப்போர் உளர். வேர் நெருக்கும் சின்னத் தொட்டி, தழைச்சத்து குறைந்த மண், காலை இளவெயில், மண் காய்ந்தபின் தண்ணீர்: இவைதான் பூக்க வைக்கும், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தள்ளியபோது இவை அத்தனையும் தற்செயலாக அமைந்தன என்பர். மேலும், மொட்டு எட்டிப்பார்த்து விரிய மூன்று நான்கு வாரமாகும். ஆகவே நான் ஊரில் இருந்தபோதே மொட்டு இருந்தது, மாடியேறிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் என்பது என் மகளின் கட்சி. இதற்கு விடை இல்லாமையால் அடுத்த பகுதிக்குச் செல்வோம்.

கிறிஸ்துமஸ் கள்ளி என்றொரு ஒன்றுவிட்ட உறவு இதற்கு உண்டு; பிரேசில் மலைகளிலிருந்து வந்தது. கிறிஸ்துமஸ் என்பது வடக்கத்தி நாட்டார் இட்ட பெயர். பிறந்த ஊரில் அதை மே மாதப் பூ என்பார்கள், அங்கே அப்போதுதான் இரவு நீளும். ஆறு வாரம் தொடர்ந்து குளிரும், பன்னிரண்டு மணிக்கும் மேல் இடையறாத இருட்டும் கொடுத்தால் மொட்டு வைக்கும். ஊட்டியில் வாங்கிவந்து ஹாலில் டியூப்லைட்டுக்கு நேர் கீழே வைத்தேன். இரவு பதினொன்று வரை சீரியல் ஓடும் வீட்டில் அதற்கு மார்கழி எது, சித்திரை எது?

போன ஆவணியில் மாமி வீட்டில் பிரம்ம கமலம் பூத்தது. என் செடியிலிருந்து, என்னைக் கேட்காமல், உடைத்துப்போன தண்டு. இரவு ஒன்பதேகாலுக்குக் கூப்பிட்டார், போனேன். தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த மொட்டு கழுத்தை வளைத்து முகத்தைத் தூக்கியிருந்தது. வெளியே மெல்லிய செம்பழுப்பு இதழ்கள் விரல்போல ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. உள்ளே வெள்ளை. அது விரிவது கண்ணுக்கே தெரிந்தது; சீராக அல்ல, சற்று நிற்கும், பிறகு ஓர் உதறல் உதறி இன்னும் கொஞ்சம் திறக்கும். பத்தரைக்கு வாசனை மாடிப்படி வரை இறங்கிவிட்டது. காட்டில் இந்த வாசனைக்கு விட்டில் வரும். இங்கே இரண்டாவது மாடிக்காரர்கள் வந்தார்கள்.

“பாருங்கோ, உள்ளே பிரம்மா படுத்துண்டிருக்கார்” என்றார் மாமி, டார்ச் அடித்து. நடுவே மகரந்தத் தாள்கள் கும்பலாகச் சாய்ந்து கிடக்க, அவற்றின் மேல் சூல்முடி நட்சத்திரமாக விரிந்திருந்தது. சொல்ல வாயெடுத்தேன். மனைவி பார்த்தாள். கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

இப்போது என் செடியில் மூன்று மொட்டு. வெள்ளி அல்லது சனி விரியும் என்று கணக்கு. கோட்பாட்டைச் சோதிக்க வெள்ளி இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் மதுரைக்கு ஒரு டிக்கெட் எடுத்திருக்கிறேன், போகப்போவதில்லை. பெட்டியும் கட்டி வாசலில் வைத்தாயிற்று. செடியின் காதில் விழக்கூடாது என்பதால் மாடியில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. கடைசி நேரத்தில் ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று மட்டும் கீழே ஹாலில், மெதுவாக, மகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.