பதினெட்டு முடிந்த மறுநாள்

மகனுக்குப் போன மாதம் 18 முடிந்தது. மூளை முடக்குவாதம், சட்டைப் பொத்தானைக்கூட நான்தான் போட்டுவிடுகிறேன். “மேஜர் ஆயிட்டான், இனிமே பணம் கிடையாது” என்று அவன் அப்பா போனில் சொல்லிவிட்டார். சட்டம் அப்படித்தானா?
– ஒரு அம்மா, திண்டுக்கல்

கேக் வெட்டிய கையோடு பையன் எழுந்து வேலைக்குக் கிளம்பிவிடுவான் என்று நினைத்தாரோ என்னவோ! பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவைக் காட்டுங்கள். 2024 ஜூலைக்கு முன்பு கோர்ட் வாசலில் எல்லோருக்கும் மனப்பாடமாயிருந்த, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அதே ‘125’தான், நம்பர் மட்டும் மாறியிருக்கிறது. உடல், மனக் குறைபாட்டாலோ காயத்தாலோ தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை மேஜரானாலும், வசதியுள்ள தகப்பன் ஜீவனாம்சம் தர வேண்டும். இதற்கு மேல்வயது வரம்பு கிடையாது. மருத்துவச் சான்றிதழும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

பெற்றோர் முறைப்படி கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்றால்?
– வாசகர், தேனி

அந்தப் பிரிவு கல்யாணப் பத்திரிகை கேட்பதில்லை. பிள்ளைக்கு உரிமை உண்டு. ஆனால் மேஜரான மகளுக்குக் கல்யாணமாகியிருந்தால், அவள் மாற்றுத்திறனாளியே ஆனாலும், இதில் இடமில்லை. மாப்பிள்ளை சோறு போடுகிறாரா என்று யாரும் எட்டிப் பார்க்காமல் எழுதிய வரி அது. எனக்கு ஒப்பவில்லை.

அரசாங்கமே மகனுக்கு மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை கொடுக்கிறதே, நானும் ஏன் தர வேண்டும்?
– ஒரு அப்பா, ஈரோடு

டயப்பர், பிசியோதெரபி, ஆட்டோ செலவு என்று ஒரு மாதத்துக்குக் கணக்கு எழுதிப் பாருங்கள். 2,000 எந்தத் தேதியோடு தீர்கிறதென்று தெரியும். நீதிபதியிடமும் இதைச் சொல்லிப் பார்க்கலாம். கூடவே உங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் கொட்ட வேண்டிவரும். 2020-இல் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட ஏற்பாடு இது. மனு போட்ட தேதியிலிருந்தே தொகை உண்டு என்றும் அதில் சொல்லியாயிற்று. வாய்தா வாங்கி மிச்சம் பிடிக்கலாம் என்ற யோசனை இருந்தால் கைவிடுங்கள்.

“ஜெயிலுக்குப் போனாலும் போவேன், காசு தர மாட்டேன்” என்கிறார் என் முன்னாள் கணவர்.
– ஒரு அம்மா, கடலூர்

போய்விட்டு வரட்டும், பாக்கி அப்படியே காத்திருக்கும். உள்ளே இருந்ததால் கடன் கழியாது என்று 1989-இலேயே குல்தீப் கௌர் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. நீங்கள் கவனிக்க வேண்டியது காலண்டரைத்தான். ஒவ்வொரு மாதத் தொகையும் பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு போட்டுவிட வேண்டும். “தீபாவளிக்குத் தர்றேன்” என்பதை நம்பி இரண்டு தீபாவளி உட்கார்ந்திருந்தால் வாரண்ட் கிடைக்காது.

ஆட்டிசம் உள்ள மகனுக்கு 24 வயது. அவனுக்காக நான் போடும் கையெழுத்து செல்லாதாம்.
– வாசகி, நாகர்கோவில்

பிள்ளைக்கு 18 தாண்டினால் பெற்றவள் கையெழுத்து செல்லாத நோட்டாகிவிடுகிறது, கொடுமைதான். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஆகுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு நான்குக்கும் இந்த வழி உண்டு.

மாற்றுத்திறனாளியான என் மகளுக்கு, அவள் அப்பாவின் காலத்துக்குப் பிறகு யார் பணம் தருவார்கள்?
– ஒரு அம்மா, ஆவடி

அவர் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள மத்திய அரசு ஊழியர் என்றால், சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அலுவலகப் பதிவேட்டில் மகள் பெயரும் குறைபாட்டு விவரமும் ஏறியிருக்கின்றனவா என்று அவர் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். அதற்காக ஒரு தடவை அவரோடு பேச வேண்டியிருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுங்கள்.