இரண்டாம் அமர்வு

தமிழ்நாட்டில் எந்த இலக்கியக் கூட்டத்துக்கும் இரண்டு அமர்வு உண்டு. முதல் அமர்வு புத்தகக் கடையில் நடக்கும். பேனர், பொன்னாடை, பிளாஸ்டிக் நாற்காலி, "பின்னாடி கேக்குதா?" எல்லாம் அதற்குத்தான். இரண்டாம் அமர்வை அழைப்பிதழில் போட மாட்டார்கள். ஆனாலும் புத்தகக் கடைக்கு வழி தெரியாமல் அலைந்தவர்கள்கூட இரண்டாம் அமர்வுக்கு யாரையும் கேட்காமலே வந்து சேர்ந்துவிடுவார்கள்.

இந்தக் காலத்து எழுத்தாளர்கள் குடித்துக் கெட்டுப்போனார்கள் என்று யாராவது உச்சுக்கொட்டினால், அவருக்குச் சேலம் ஜில்லா சரித்திரம் தெரியாது என்று பொருள். ஏற்காட்டுக்கு வடக்கே தகடூர், அதாவது இன்றைய தருமபுரி. தென்கிழக்கே கொல்லிமலை. ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக்கு இரண்டு பக்கமும் இருந்த இந்தக் குறுநிலக்காரர்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் நடத்திய கூட்டங்களின் மினிட்ஸ் புத்தகம் இன்றைக்கும் பத்திரமாக இருக்கிறது. அதற்குப் புறநானூறு என்று பெயர். பள்ளிக்கூடத்தில் அதிலிருந்து வீரத்தையும் கொடையையும் பொறுக்கி மனப்பாடம் செய்ய வைத்தார்கள். குடியைச் சாய்ஸில் விட்டுவிட்டார்கள்.

தகடூர் வட்டத்தின் அமைப்பாளர் அதியமான் நெடுமான் அஞ்சி. நிரந்தரச் சிறப்பு விருந்தினர் ஔவையார். ஆத்திசூடி எழுதிய ஔவை வேறு, இவர் வேறு. ஒரு நாள் போனாலும், பல நாள் பரிவாரத்தோடு போனாலும் முதல் நாள் முகம் மாறாமல் வரவேற்கிற மனிதன் என்று இவரே அதியமானுக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார். இன்றைக்கு ஒரு அமைப்பாளர் மூன்றாவது மாதமே போனை எடுப்பதில்லை.

அதியமான் இறந்தபோது ஔவை பாடிய இரங்கற்பா புறநானூற்றில் 235வது பாட்டு. நம் இரங்கல் கூட்டங்களில் பேச வருகிறவர், மறைந்தவர் தன் முதல் தொகுப்பை எப்படிப் பாராட்டினார் என்று அரை மணி நேரம் பேசுவார். ஔவை நேராகக் கள்ளுக்குப் போகிறார். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் முழுவதையும் எங்களுக்கே ஊற்றிவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடப்பாட அவனும் மிச்சத்தைக் குடிப்பான் என்கிறார். அதற்கப்புறம்தான் சோறு, அதற்கப்புறம் எலும்போடு கூடிய கறி. அம்பும் வேலும் அதன் பின்னால்தான் வருகின்றன. சரக்கு குறைந்தால் யாருக்கு, மிஞ்சினால் யாருக்கு என்ற விதியை இவ்வளவு தெளிவாக எழுதிவைத்த இலக்கிய அமைப்பு உலகத்தில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. அதே பாட்டில், அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணர்களின் உண்கலத்தையும் துளைத்து, புலவர்களின் நாவிலும் போய் விழுந்தது என்கிறார். கள்ளில் தொடங்காமல் இருந்திருந்தால் அந்த வேல் இவ்வளவு தூரம் பாய்ந்திருக்காது.

அந்த வட்டத்திலும் தகராறு இல்லாமல் இல்லை. பெருஞ்சித்திரனார் என்ற புலவர் குன்றும் மலையும் கடந்து வந்தார். அதியமான் நேரில் வராமல் ஆள் மூலமாகப் பரிசை அனுப்பிவிட்டான். பார்க்காமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக நான் வியாபாரியா என்று புலவர் மறுத்துவிட்டார். இன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் பேச்சாளர் சட்டைப்பையில் ஒரு கவரைத் திணிப்பார்கள். அதை அவர் கழிப்பறைக்குப் போய் எண்ணிப் பார்ப்பார். பெருஞ்சித்திரனார் பரம்பரை எந்த ஊரில் அற்றுப்போனதோ!

கொல்லிமலைக் கிளை வல்வில் ஓரியுடையது. வன்பரணர் தந்திருக்கும் அறிக்கைப்படி, ஓரி காட்டில் ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்தான். பிறகு வந்திருந்த கலைக்குழுவுக்கு மான்கறியும் மதுவும் கொடுத்து, மலையில் கிடைத்த பொன்னையும் கொடுத்தான். பேரைச் சொல்லிப் புகழ்ந்ததும் கூச்சப்பட்டான். புகழ்ந்தால் கூச்சப்படுகிற புரவலன் இனத்தின் கடைசி மாதிரி அநேகமாக அவன்தான்.

அடுத்த பாட்டில்தான் விஷயமே இருக்கிறது. குழுவுக்குத் தண்ணீரில் பூக்காத குவளை கிடைத்தது, அதாவது மணி பதித்த பொன்பூ, வெள்ளி நாரில் தொடுத்தது. நகை கிடைத்தது, யானை கிடைத்தது. பசியும் போனது. அவ்வளவுதான், குழு ஆட மாட்டேன் என்றது, பாட்டையும் மறந்துவிட்டது. நிகழ்ச்சி ரத்து. சாப்பாட்டை முதலில் போட்டால் அரங்கம் நடக்காது என்ற உண்மையைத் தமிழ் அமைப்பாளர்கள் அன்றைக்கே கண்டுகொண்டார்கள். இன்றுவரை நன்றியுரை முடிந்த பிறகுதான் வடை வருகிறது.

இந்த இரண்டு கிளைகளும் மூடப்பட்டதற்குக் காரணம் அரசியல். ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்றான். தகடூரைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அழித்தான். அழித்ததைப் பட்டமாகவும் போட்டுக்கொண்டான். ஆனால் அவன் அவைக்கு வந்த மோசிகீரனார் என்ற புலவர் களைப்பில் முரசு கட்டிலில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். முரசை நீராட்டக் கொண்டுபோயிருந்த நேரம். மெத்தை காலி, பூப்போல இருந்தது, மனிதர் படுத்துவிட்டார். வழக்கப்படி அதற்குத் தண்டனை வெட்டுதான். சேரமானோ விசிறியை எடுத்து வீசினான். அரங்கத்தில் தூங்குகிறவருக்கு விசிறி வீசிய ஒரே தலைவர் நம் இலக்கிய அரங்கை இடித்தவர் என்பதை விமர்சகர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

நடுவில் பல நூற்றாண்டுகளைத் தாண்டிவிடலாம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் துரை ஏற்காட்டில் காப்பிச் செடியையும் பேரிக்காயையும் கொண்டுவந்து வைத்தார். அந்தக் காப்பியால் தமிழ் இலக்கியத்துக்கு என்ன கதி வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கள்ளுக்கு மாற்றாக ஒரு டம்ளர் தயார் ஆயிற்று. டம்ளரை நீட்ட ஒரு ஆள்தான் பாக்கி.

அந்த ஆள் சேலத்தில் வக்கீலாக இருந்தார். ராஜாஜி. அவர் 1925இல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். 1929இல் அங்கிருந்து 'விமோசனம்' என்று ஒரு மாதப் பத்திரிகை. ஒரே விஷயம்: மதுவிலக்கு. உதவியாசிரியர் கல்கி. பிற்காலத்தில் சோழ நாட்டையே குதிரையில் சுற்றப்போகிற மனிதர், அப்போது குடிகாரன் திருந்திய கதை எழுதிக்கொண்டிருந்தார். பத்திரிகை பத்து இதழோடு நின்றது. சிறுபத்திரிகை மரபில் அது தீர்க்காயுசு. ஆனால் ஒரு அடிப்படைச் சிக்கல்: படிக்கிறவன் குடிக்கவில்லை, குடிக்கிறவன் படிக்கவில்லை.

வேறு எழுத்தாளராக இருந்தால் வாசகன் சரியில்லை என்று திட்டிவிட்டுப் போயிருப்பார். ராஜாஜி முதலமைச்சர் ஆகிவிட்டார். 1937 அக்டோபர் 1, சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு. எங்கே? சேலம் ஜில்லாவில். அன்றைய சேலம் ஜில்லாவுக்குள் தருமபுரியும் இருந்தது, கொல்லிமலையும் இருந்தது, ஏற்காடும் இருந்தது. ஆக, அதியமான், ஓரி இரண்டு பேருடைய கடைக்கும் ஒரே கையெழுத்தில் பூட்டு. கலால் வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939இல் விற்பனை வரி வந்தது. குடிக்காதவனும் குடிக்குப் பணம் கட்டும் நாகரிகம் இப்படித்தான் பிறந்தது. தன் கதை எடுபடவில்லை என்றால் அதைச் சட்டமாகப் போட்டுவிடலாம் என்று காட்டிய எழுத்தாளர் அவர் ஒருவர்தான். பொறாமையாக இருக்கிறது.

1948இல் மாகாணம் முழுக்கப் பூட்டு. இரண்டாம் அமர்வு பெர்மிட்டுக்கும், மொட்டை மாடிக்கும், டார்ச் வெளிச்சத்துக்கும் மாறியது. 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் ஔவைக்குச் சிலை வைத்தார்கள். வைத்தது ஆத்திசூடிப் பாட்டியை. தகடூர் ஔவையைக் கிண்ணத்தோடு வைக்க அன்றைய சட்டத்தில் இடம் ஏது?

பூட்டைத் திறந்தவரும் எழுத்தாளர்தான், அவரும் சேலத்தோடு சம்பந்தப்பட்டவர்தான். மாடர்ன் தியேட்டர்ஸில் 'மந்திரிகுமாரி'க்கு வசனம் எழுதிய கருணாநிதி 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தினார். வேண்டாம் என்று கேட்க 92 வயது ராஜாஜி அவர் வீட்டுக்கே போனார். ஒரு எழுத்தாளர் பேச்சை இன்னொரு எழுத்தாளர் எந்தக் காலத்தில் கேட்டார்? பிறகு கருணாநிதியே 1974க்குள் கடைகளை மறுபடி மூடினார். அதே 1974இல் ராஜாஜியின் குடி எதிர்ப்புக் கதை 'திக்கற்ற பார்வதி' படமாகவும் வந்தது. பிறகு எம்.ஜி.ஆர். ஆட்சியில் கதவு திறந்தது, 1983இல் டாஸ்மாக், 1987இல் கள்ளுக்குத் தடை, 2003இல் ஜெயலலிதா ஆட்சியில் அரசே கடை வைத்தது. கதை எழுதினவர் மூடி, வசனம் எழுதினவர் திறந்து, அதைப் பேசி நடித்தவர்கள் கல்லாவில் உட்கார்ந்தார்கள்.

இப்போதைய நிலவரத்துக்கு ஒரு சாட்சியம். போன கோடையில் சேலத்தில் ஒரு கவிதை வாசிப்பு. புத்தகக் கடையின் பின்னறை, கட்டுப் பிரிக்காத புத்தகங்களுக்கு நடுவில் நாற்காலிகள். கவிஞர் பன்னிரண்டு கவிதை வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அது எப்படிப் பிறந்தது என்று சொன்னார். பிரசவம் எல்லாமே சிக்கலானது. எங்களுக்கு முன்வரிசையில் ஒருவர் மோசிகீரனார் நிலைக்குப் போனார்; விசிற ஆளில்லை, சீலிங் ஃபேன் பார்த்துக்கொண்டது. ஏழு மணிக்கு எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஏழேகாலுக்கு இரண்டு வேன் ஏற்காட்டுக்குக் கிளம்பியது.

மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. மூன்றாவது வளைவில் பேச்சில் வானம்பாடிக் கவிஞர்கள் காலி. ஒன்பதாவதில் நவீனத்துவம் முடிந்தது. பதினான்காவதில் பின்நவீனத்துவக்காரர் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். மேலே ஒரு லாட்ஜ் பார். மேஜையில் அவித்த முட்டை, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய், தண்ணீர் பாட்டில். புத்தகக் கடையில் வாயே திறக்காதவர் அங்கேதான் வாசித்தார், சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதியிருந்த எட்டு வரி. மற்ற மேஜைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைய நாளின் ஒரே கவிதை அது. அதற்குப் பொன்னாடை கிடையாது, புகைப்படம் கிடையாது. "இன்னொரு தடவை படிண்ணே" மட்டும்தான்.

பிறகு பில் வந்தது. மேஜை சட்டென்று அமைதியானது. ஒருவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் கழிப்பறை ஞாபகம் வந்தது. கடைசியில் கட்டியது கவிஞர்தான், மாலையில் வாங்கிய கவரைப் பிரித்து.

இரண்டாயிரம் வருஷத்தில் மாறியது இந்த ஒன்றுதான். அன்றைக்கு அரசன் ஊற்றினான், புலவன் குடித்தான், போகும்போது பொன்னும் வாங்கிக்கொண்டு போனான். இன்றைக்குச் சரக்கு அரசுடையதுதான், ஆனால் காசு புலவனுடையது. ஒன்பது லட்சம் பொற்காசும் சிம்மாசனமும் கொடுத்தபோது, சிம்மாசனம் வேண்டாம் மந்திரி வேலை போதும் என்று அதே பெருஞ்சேரல் இரும்பொறையிடம் சொன்ன அரிசில்கிழாரின் வாரிசுகள், குவார்ட்டருக்குப் பத்து ரூபாய் கூட வாங்குகிறார்கள் என்று கவுன்ட்டரில் சண்டை போடுகிறார்கள்.

தமிழக அரசு 2012இலிருந்து மகளிர் தினத்தில் ஔவையார் பெயரில் விருது கொடுத்துவருகிறது. நல்ல காரியம். ஆனால் தகடூர் ஔவையே நேரில் வந்து விருதை வாங்கிக்கொண்டு, பழைய பழக்கத்தில் ஒரு கலயம் கள் கேட்டால், விழா மேடையிலிருந்தே மதுவிலக்குப் போலீஸ் கூட்டிக்கொண்டு போகும். பிராந்தி என்று கேட்டால் பில் கொடுப்பார்கள்.