அங்கே நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார்

'தெரிந்தவர் மாமா'வுக்கு ஆளில்லாத ஊர் இந்தியாவில் கிடையாது. தங்கை மகள் இடைக்கால வரலாறு எம்.ஏ. படிக்க ஆசைப்படுகிறாள் என்று காதில் விழுந்ததுமே சட்டைப் பையிலிருந்து செல்போன் வெளியே வந்துவிடும்.

"இடைக்காலமா? இடைக்கால பட்ஜெட் மாதிரியா? அப்போ முழு டிகிரி எப்போ பாப்பா தருவான்?"

சோழர் முதல் முகலாயர் வரை அவள் விளக்கி முடிப்பதற்குள் மாமா அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்: எந்த ஊர்?

"அலிகார், மாமா."

"அட, பூட்டு ஊர்! திண்டுக்கல்லில் நம்ம பூட்டுக்கடைக்காரர் ஒருத்தர் இருக்கார். அங்கேருந்துதான் சரக்கு எடுக்கிறார்."

உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். இருபது நிமிஷம். அலிகார் பூட்டு விலை மலிவாக வந்து திண்டுக்கல் பூட்டுத் தொழிலைப் படுத்தியெடுத்த கதை முழுக்க வரும். அதுவும் வரலாறுதான், இல்லையென்று சொல்லமுடியாது. கடைசியில் பல்கலைக்கழகம் பற்றிக் கேட்டால், "பெரிய கேட்டுங்க, வெளியிலேருந்து பார்த்திருக்கேன்" என்பார் கடைக்காரர். மாமா போனை வைத்துவிட்டு, "நல்ல காலேஜாம்" என்று அறிவிப்பார்.

முகலாயர் கால வேளாண் அமைப்பைப் பற்றி 1963-இல் நூல் எழுதிய இர்பான் ஹபீப் இருந்த வரலாற்றுத் துறை அந்தப் பல்கலைக்கழகத்துடையது. அவள் தெரிந்துகொள்ள விரும்பியது ஒன்றே ஒன்று: "அங்கே பாரசீகம் புதுசா கத்துக்க வழி இருக்கான்னு கேளுங்க மாமா." முகலாயர் ஆவணங்களைப் பாரசீகம் தெரியாமல் படிக்கமுடியாது. கேட்டுக்கு வெளியே நிற்கவேண்டியதுதான், பூட்டுக்கடைக்காரர் மாதிரி.

டெல்லி ஜே.என்.யு.வா? ஆர்.கே.புரத்தில் நம்ம ஆள் இருக்கார். பக்கத்திலேயே மலை மந்திர், வெள்ளிக்கிழமை முருகனைப் பார்த்துக்கொள்ளலாம். கல்லூரி தேறிவிட்டது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கும் தொல்லியலுக்குமாகத் துறையே இருக்கிறது. ஆனால், அங்கிருந்த நம்ம ஆள் ரிட்டையராகிவிட்டார். தஞ்சாவூர் அடிபட்டது.

இதில் எரிச்சல் வரும் இடம் ஒன்று உண்டு. ஜே.என்.யு. எம்.ஏ.வுக்கு 'க்யூட்' நுழைவுத்தேர்வு, கணினியில் எழுதவேண்டும், மதிப்பெண்ணுக்குத்தான் சீட்டு. இதைப் பத்துத் தடவை சொன்னாலும், "நீ எழுது, நான் சொல்லிவைக்கிறேன்" என்பார். கணினியிடமா? தேர்வுக்குப் படிக்கவேண்டிய மாதத்தில் அவர் அனுப்பிவைத்த பதினோரு பேரிடமும் அவள் "வணக்கம் அங்கிள்" சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருத்தர்கூட வரலாறு படித்தவர் இல்லை. இது உதவியில்லை, இடைஞ்சல். வீட்டில் யாருக்கும் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமில்லை.

ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் போன். "பாப்பா, பாரசீகம்னியே... உங்கம்மா கல்யாணத்துக்குப் பிரியாணி போட்டாரே பாய், அவரோட பெரியப்பா திருவல்லிக்கேணியில் சொல்லித்தர்றாராம். சாயங்காலம் கிளம்பி இரு."

மாடிப்படி ஏறமுடியாமல் ஏறி, மாமாவும் கூடவே வந்தார். பெரியவர் சிலேட்டில் 'அலிஃப்' எழுதினார். அவள் அதன்மேல் விரல் வைத்து மேலிருந்து கீழாகப் பழகத் தொடங்கினாள். மாமா வாசல் பெஞ்சில் பொறுமையாக உட்கார்ந்திருந்தார், கால் மணி நேரம். அப்புறம் மெல்லத் தலையை நீட்டினார்:

"ஐயா, அலிகார்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது..."