பலாப்பழத்துக்கு டிக்கெட் உண்டா?

உழவர் சந்தையில் பேரம் பேச முடியாது. என் மாமியாருக்கு அந்த இடத்தின் மேல் உள்ள ஒரே மனத்தாங்கல் அதுதான். கத்திரிக்காய் இவ்வளவு, வெண்டைக்காய் இவ்வளவு, கொத்தவரங்காய் இவ்வளவு என்று விடிந்ததும் விடியாததுமாகப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். மொத்த விலையைவிட 20 சதவீதம் கூடுதல், வெளிக்கடைச் சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவு என்பது இந்தத் திட்டம் வந்த நாளிலிருந்து சொல்லப்படும் கணக்கு. விளைவித்தவருக்கும் லாபம், வாங்குகிறவருக்கும் லாபம். நஷ்டம் அத்தைக்கு மட்டும்தான். வாரச் சந்தைகளில் ஐந்து ரூபாய்ச் சாமானை மூன்று ரூபாய்க்குக் கேட்டு, நான்கு ரூபாய்க்கு வாங்கி, இரண்டு ரூபாய்தான் கொடுத்ததாக வீட்டில் வந்து சொல்லிப் பழகிய நாக்கு அது.

“வெலையை எழுதிப் போட்டுட்டா அப்புறம் எதுக்குத்தா நமக்கு வாயைக் குடுத்துருக்கான் ஆண்டவன்?” என்று பலகைக்கு நேராக நின்றே கேட்பார்.

பஞ்சாபில் 1987-ல் ‘அப்னி மண்டி’ என்று தொடங்கி, ஆந்திராவில் ‘ரைத்து பஜார்’ ஆகி, 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் ‘உழவர் சந்தை’ என்று கலைஞர் திறந்துவைத்த ஏற்பாடு இது. இடைத்தரகர் கிடையாது. அடையாள அட்டை உள்ள விவசாயிகள் மட்டும்தான் விற்கலாம். கடைக்கு வாடகை இல்லை, தராசையும் சந்தையே தந்துவிடும். அந்தத் தராசும் மின்னணுத் தராசு. “முள்ளை நேரா நிறுத்துடா, கட்டை வெரலை எடுடா” என்ற அத்தையின் இரண்டாவது ஆயுதத்தையும் அது பிடுங்கிக்கொண்டது. மிச்சம் இருப்பது கொசுறு. கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் அரசு விலைப்பட்டியலுக்குக் கட்டுப்படாத பண்டங்கள் என்பது அவர் கண்டுபிடித்த சட்ட ஓட்டை. கால் கிலோ பச்சை மிளகாய்க்கு ஒரு கறிவேப்பிலைக் கன்றையே கேட்டு வாங்கும் சாமர்த்தியம் வேறு யாருக்கும் வராது.

விளைவித்தவரே எதிரில் உட்கார்ந்திருப்பதால் விசாரணைக்கும் வசதி. எந்த ஊர், கிணற்றுப் பாசனமா போர் தண்ணீரா, எப்போது பறித்தது, பறித்தது யார், அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பதுவரை போகும். அதன் பிறகு நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் கேட்கிற அந்த இரட்டைக் கேள்வி. மருந்து அடித்திருக்கக் கூடாது, புழுவும் இருக்கக் கூடாது. ஒருநாள் ஒரு அப்பத்தா கத்திரிக்காய்க் குவியலுக்குப் பின்னாலிருந்து நிதானமாகப் பதில் சொன்னார்: “புழுவுக்குத் தெரியாம வெளைய வைக்க நமக்குத் தோது இல்லத்தா. அது தின்னது போக மிச்சந்தான் ஒனக்கு.” அத்தைக்கு அந்தப் பதில் அவ்வளவு பிடித்துப்போனது. இன்றுவரை கத்திரிக்காய் வாங்கினால் அவரிடம்தான்.

எனக்கும் அத்தைக்கும் வழக்கு இருப்பது வேறு இடத்தில். நான் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் எடுப்பவள். பாடத்திட்டம் எழுதாமல் வகுப்புக்குப் போனதில்லை. அந்தப் பழக்கத்தில் ஞாயிற்றுக்கிழமையே வாரத்துக்கான சமையலை எழுதிவிடுவேன். திங்கள் பீன்ஸ் பொரியல், செவ்வாய் கேரட் கூட்டு. அத்தை அந்தத் தாளைத் தேர்தல் வாக்குறுதியைப் பார்க்கிற பார்வை பார்ப்பார். “பீன்ஸும் கேரட்டும் மலையிலேர்ந்து எறங்கி வரணும். இந்த வெயில்ல அது எதுக்குத்தா இங்கிட்டு வருது? வந்ததைச் சமைப்பியா, நெனச்சதைச் சமைப்பியா?” என்பார். அவர் நினைத்து எதையும் வாங்குவதில்லை. கூடையை எடுத்துக்கொண்டு போவார், என்ன மலிந்து கிடக்கிறதோ அது வரும். சித்திரை, வைகாசியில் புதுக்கோட்டைச் சீமையில் மலிவது முருங்கைக்காய், மாங்காய், கொத்தவரை, சுரை, வெள்ளரிப் பிஞ்சு. இவற்றோடு, யாராலும் தடுக்க முடியாத பலா.

அதைக் கொண்டுவர மஞ்சப்பை போதாது. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அறிவித்தபோது அத்தை சிரித்துவிட்டார். எங்கள் வீட்டில் மஞ்சப்பை எங்கேயும் போயிருக்கவில்லையே, எப்படி மீண்டும் வரும்? நாங்கள் காய் வாங்கும் பையில் அச்சடித்திருக்கும் மணமக்களுக்குப் பேரன் பிறந்துவிட்டான். பைக்கு இன்னும் காது அறவில்லை.

பலாவுக்கு வருகிறேன். பலா என்றதும் தமிழ்நாடு முழுக்கப் பண்ருட்டி என்கிறது. இதை அத்தை முன்னால் சொல்லிவிடாதீர்கள். அவர் பிறந்தது வடகாடு பக்கம். வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம், மறமடக்கி, நெடுவாசல் என்று ஆலங்குடிக்குக் கிழக்கே செம்மண் தெரிகிற இடமெல்லாம் பலா மரம்தான். ஏப்ரல் பிறந்தால் கமிஷன் மண்டிகளில் பழங்கள் மலையாகக் குவியும், லாரி ஏறி ஊர் ஊராகப் போகும். “இங்கேருந்து போறதை வெளியூர்ல பண்ருட்டிப் பழம்னு சொல்லி விக்கிறான்” என்பது அத்தையின் குற்றச்சாட்டு. ஆதாரம் கேட்டால், “ருசிச்சுப் பாரு, தெரியும்” என்று சுளையைத்தான் ஆதாரமாக நீட்டுவார். நீதிமன்றத்தில் இது செல்லுமா என்று தெரியாது. என்னிடம் செல்லும்.

2021-ல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதும் அத்தையின் ஆட்சி எல்லை ஆலங்குடிவரை நீண்டது. போன கோடையில் என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். ரோட்டோரக் குவியலில் ஒவ்வொரு பழமாகத் தட்டினார். பச்சைக் காய் ‘டங்’ என்னும், பழுத்தது மந்தமாக ‘தொப்’ என்னும். முள் விரிந்து மழுங்கியிருக்க வேண்டும், மூக்கைக் கிட்டே கொண்டுபோகாமலே வாசம் வர வேண்டும். இங்கே பலகை கிடையாது. எனவே பேரம் உண்டு. அடக்கிவைத்த பேரத்தையெல்லாம் அந்த ஒரு பழத்தின் மேல் கொட்டித் தீர்த்தார். விற்றவர் கடைசியில் கும்பிட்டார்.

பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் பழத்தைப் பார்த்தார். “ஆத்தா, ஒங்களுக்கு டிக்கெட் இல்ல. இதுக்கு உண்டு, லக்கேஜ்.”

“இதும் பொம்பளைதான்யா. வயித்துல எத்தனை புள்ளை இருக்குன்னு தட்டிப் பாரு.”

பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அறிவியல்படி அத்தை சொன்னது சரி. பலா மரத்தில் ஆண் பூங்கொத்து தனி, பெண் பூங்கொத்து தனி. ஆண் கொத்து மகரந்தத்தைக் கொடுத்துவிட்டுக் கறுத்து உதிர்ந்துவிடும். காயாவது பெண் மட்டும்தான். அதுவும் ஒற்றைக் கனி அல்ல, ஒரு கொத்தின் பூக்கள் அத்தனையும் சேர்ந்து ஒட்டிய கூட்டுக்கனி. ஒவ்வொரு சுளையும் ஒரு பூ, சூல் கொள்ளாத பூக்கள்தான் சடை. இதைக் கண்டக்டரிடம் நான் விளக்க, அவர் பாவம், “டீச்சர், டிப்போவில இதைச் சொன்னா ஒத்துக்க மாட்டாங்க” என்றார்.

அத்தை சட்டென்று முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை நீட்டினார். லக்கேஜ் டிக்கெட் கைக்கு வந்ததும் அடுத்த வாதம் வந்தது. “காசு வாங்கிட்டீல்ல? அப்ப அதுக்கு ஒரு சீட்டக் குடு.” புதுக்கோட்டை வரும்வரை பலாப்பழம் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு வந்தது. அதன் பக்கத்தில் ஒரு பெரியவர் கம்பியைப் பிடித்தபடி, அதனிடம் கொஞ்சம் நகரச் சொல்லலாமா என்ற யோசனையோடு நின்றார்.

பலாப்பழத்தை ரகசியமாக வாங்கி ரகசியமாகத் தின்ன முடியாது. வீட்டுக்குள் வைத்த ஒரு மணி நேரத்தில் தெருமுனை வரை செய்தி போய்விடும். “என்ன டீச்சர், வடகாடு போயிருந்தீகளா?” என்று கேட்டுக்கொண்டே ஆள் வரும். அறுப்பது ஒரு சடங்கு. தரையில் பழைய பேப்பர், கையிலும் அரிவாள்மனையிலும் நல்லெண்ணெய். எண்ணெய் தடவாமல் தொட்டால் பால் ஒட்டிக்கொள்ளும், கல்யாண வீட்டில் கையைப் பிடித்த ஒன்றுவிட்ட பெரியப்பாவைப் போல லேசில் விடாது. நடுத்தண்டைச் சீவி எடுத்து, வருக்கையா கூழனா என்று பார்ப்பார்கள். வருக்கை என்றால் சுளை விறைப்பாக இருக்கும், கடித்துத் தின்னலாம். கூழன் வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் தானே போய்விடும். இனிப்பு என்னவோ அதில்தான் கூடுதல் என்பது என் கட்சி. அத்தை வருக்கைக் கட்சி. இந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் கூட்டணி சாத்தியமில்லை.

பிறகு பங்கீடு. எதிர் வீட்டுக்குப் பத்துச் சுளை, மாடிக்கு எட்டு, போன தைப்பொங்கலில் சண்டை போட்டவர்களுக்கும் ஐந்து. சண்டை இன்னும் பாக்கி நிற்கிறது என்பதை அந்த ஐந்து சொல்லிவிடும். தோலும் சடையும் பக்கத்துத் தெரு மாட்டுக்கு. அதுவும் வாசம் கண்டு முன்கூட்டியே வந்து நின்றிருக்கும். எல்லாம் போக எங்களுக்கு மிஞ்சுவது கொட்டை.

அந்தக் கொட்டைக்குத்தான் அத்தை பழமே வாங்குகிறார் என்பது என் பல வருஷச் சந்தேகம். பலாக்கொட்டை, முருங்கைக்காய், மாங்காய் மூன்றும் ஒரே பருவத்தில் வருவதை அவர் தற்செயல் என்று ஒப்புக்கொள்வதில்லை. கடவுள் குழம்பு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பருவத்தை வகுத்தான் என்பார். கொட்டையை வேகவைத்து மேலிருக்கும் வெள்ளைத் தோலை உரிக்க வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் பழுப்புத் தோலைச் சுரண்டுகிறவர்கள் பட்டணத்துக்காரர்கள். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு வதக்கி, மிளகாய்த்தூள், மல்லித்தூள் போட்டு, கொட்டையும் முருங்கையும் பாதி வெந்ததும் மாங்காய். மாங்காயை முந்திப் போட்டால் கரைந்து காணாமல் போகும். புளிக்கு வேலையே இல்லை. கோட்டைப்பட்டினத்திலிருந்தோ ஜெகதாப்பட்டினத்திலிருந்தோ வந்த கருவாடு வீட்டில் இருந்தால், இறக்குவதற்குச் சற்று முன்னால் அதுவும் விழும். இந்தக் குழம்புக்கு அடுத்த நாள்தான் ருசி. அடுத்த நாள் வேறு சில விளைவுகளும் உண்டு. கொட்டையின் வாயு சமாச்சாரம் தெரிந்தவர்கள் அன்று கூட்டமான இடத்துக்குப் போக மாட்டார்கள். நான் போகிறேன், பள்ளிக்கூட விடுமுறை என்பதால் பிள்ளைகளுக்கு ஆபத்தில்லை.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் அடித்தபோது வடகாடு பக்கத்து இந்த மரங்கள் வேரோடு சாய்ந்தன. தென்னை, பலா, மா எதையும் விடவில்லை. அத்தையின் அண்ணன் தோப்பில், அவர் சிறுமியாக ஏறி விளையாடிய மரமும் போனது. அடுத்த கோடையில் அத்தை சந்தையில் எதையும் தட்டிப் பார்க்கவில்லை. விதை போட்டு வளர்க்கிற பலா காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும். ஒட்டுக்கன்று என்றால் கொஞ்சம் சீக்கிரம். புயலுக்குப் பிறகு நட்ட ஒட்டுக்கன்றுகள் இப்போது காய்க்கத் தொடங்கிவிட்டன. புது மரத்துப் பழத்தை அத்தை, புது மருமகளைப் பார்க்கிற கண்ணோடு பார்க்கிறார். இன்னும் முழுச் சம்மதம் வரவில்லை.

கோடையில் பலாவுக்குத் துணை முந்திரி. தஞ்சாவூர் ரோட்டில் ஆதனக்கோட்டை முந்திரியை எல்லோருக்கும் தெரியும். வறுத்து உடைத்து ரோட்டோரமே விற்பார்கள். கொட்டைக்கு மேலே தொங்கும் முந்திரிப்பழத்தை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. காரணம், அது பயணத்துக்கு ஒத்துவராத பழம். பறித்த மறுநாளே குழைந்துவிடும். உப்புத் தொட்டுத் தின்னாவிட்டால் தொண்டையைப் பிடிக்கும். சாறு சட்டையில் பட்டால் அந்தச் சட்டையை வீட்டோடு போடுவதற்கு ஒதுக்கிவிடலாம். எங்கள் பள்ளியில் மே மாதம் முடிந்து ஜூனில் வரும் பிள்ளைகளின் சட்டைக் கறையைப் பார்த்தே யார் எந்த ஊரில் விடுமுறையைக் கழித்தார்கள் என்று சொல்லிவிடுவேன்.

கத்திரி வெயில் தொடங்கினால் மொட்டைமாடி அத்தையின் தொழிற்சாலை. கொத்தவரை, மாங்காய், சுண்டைக்காய், மோரில் ஊறிய மிளகாய் எல்லாம் வேட்டியில் பரந்து கிடக்கும். காவலுக்கு நான். விடுப்பில் இருக்கும் ஆசிரியர்களுக்கு மேற்பார்வைப் பணி கசக்காது என்பது அத்தையின் நம்பிக்கை. காக்கை மாங்காயைத் தொடாது, அணில் மிளகாயைத் தொடாது. ஆனால் எங்கள் மாடி வீட்டுப் பையன் இரண்டையும் தொடுவான்.

இத்தனைக்கும் நடுவில் லண்டனில் இருக்கும் என் நாத்தனார் மகள் வீடியோ காலில் வந்தாள். அங்கே இறைச்சி சாப்பிடாதவர்கள், பலாக்காயை நார் நாராகப் பிய்த்து இறைச்சிக்குப் பதிலாக ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுகிறார்களாம். கடையில் டப்பாவில் கிடைக்கிறதாம். டப்பாவைத் திறந்து காட்டினாள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் பலாப்பிஞ்சில் மட்டன் மசாலா போட்டு, ஆண்கள் ஏமாந்து இரண்டாம் முறை சோறு வாங்கிய வரலாறு அத்தைக்கு உண்டு என்பதால் அந்தச் செய்தியில் அவர் அதிசயப்படவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குள் உற்றுப் பார்த்தார்.

“கொட்டைய எங்கத்தா?”

“அதெல்லாம் இல்ல அம்மாச்சி, பிஞ்சுக் காய்தானே. இருந்தாலும் இங்க தூக்கிப் போட்ருவாங்க.”

அத்தை போனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். இப்போது அடுப்படி அலமாரியில், மணலில் புரட்டிக் காயவைத்த கொட்டை ஒரு கிலோ, மஞ்சப்பையில் முடிச்சுப் போட்டுத் தயாராக இருக்கிறது. லண்டனுக்கு யாராவது போகிறார்களா என்று, வந்து போகிற எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். பால்காரரிடமும் கேட்டாயிற்று.