காதுக்கு எத்தனை வாட்ஸ் வேண்டும்?

இந்த முறை வந்த கேள்விகள் ஒரே விஷயத்தைச் சுற்றியே நிற்கின்றன: காதுக்குள் செருகும் சின்ன இன்-இயருக்குப் பெரிய ஆம்ப் தேவையா? சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கும் சாமான் என்பதால் இடத்தைப் பார்க்காமல் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணே, கொழும்பில் வேலை செய்யும் நண்பன் ஒரு வாட் ஆம்ப் கொண்டுவந்தான். என் இன்-இயரை அதில் போட்டதும் பாட்டே மாறிவிட்டது. போனில் செத்துக் கிடந்த பேஸ் எழுந்து உட்கார்ந்தது. நானும் ஒன்று வாங்கட்டுமா? (பூனாகலை)

பதில்: பொறுங்கள் தம்பி. மாறியது பாட்டா, சத்தமா என்று முதலில் பார்ப்போம். சத்தம் கூடும்போது நம் காது பேஸை இன்னும் நன்றாகப் பிடிக்கும். அது காதின் இயல்பு, ஆம்பின் திறமை அல்ல.

கணக்கைப் பாருங்கள். பெட்டியில் 32 ஓம், 105 டெசிபல் என்று போட்டிருந்தால், 1 மில்லிவாட் கொடுத்தாலே 105 டெசிபல் சத்தம் வரும். நாம் நிம்மதியாகப் பாட்டுக் கேட்பது 80 டெசிபல் அளவில். அதற்கு வேண்டியது 0.003 மில்லிவாட். திடீரென மேளம் வெடிக்கும் இடத்துக்கு இன்னும் 20 டெசிபல் ஒதுக்கினாலும் சுமார் 0.3 மில்லிவாட்தான். போனில் செருகும் 1 வோல்ட் டொங்கிளே 31 மில்லிவாட் தந்துவிடும். முழுதாகத் திறந்தால் 120 டெசிபல், காது வலிக்கும். ஒரு வாட் ஆம்பைக் கடைசிவரை திருகினால் 135. நண்பன் கொண்டுவந்த ஆம்ப் கூடுதலாகத் தருவது அந்த 15 டெசிபலைத்தான். அந்தப் பக்கம் நீங்கள் ஒருநாளும் போகக் கூடாது.

கேள்வி: அப்படியென்றால் இரண்டு ஆம்பை நியாயமாக ஒப்பிடுவது எப்படி? (பண்டாரவளை)

பதில்: இரண்டிலும் சத்தத்தைச் சமமாக்கிவிட்டு. காதால் சமமாக்கினேன் என்பவரை நம்பாதீர்கள். ஒரு டெசிபல் கூடினாலே, கூடிய பக்கம் ‘தெளிவாக இருக்கிறது’ என்று சத்தியம் செய்வோம். மல்டிமீட்டர் வேண்டும். எல்லாக் கடையிலும் தொங்கும் மலிவான மீட்டர் உதவாது. அதில் ஏசி அளவு 200 வோல்ட்டில்தான் தொடங்குகிறது. ஏசி மில்லிவோல்ட் காட்டும் மீட்டரை ரேடியோ திருத்துபவரிடம் இரவல் கேளுங்கள்.

ஆம்பில் இரட்டைப் பிளக் ஒன்றைப் போட்டு, ஒரு துளையில் இன்-இயர், மற்றதில் பழுதான ஹேண்ட்ஸ்ஃபிரீயின் வெட்டிய வயர். அந்த வயரின் செப்பில் மீட்டர் முனைகளை வையுங்கள். போனில் 300 ஹேர்ட்ஸ் தொனியை ஓட விடுங்கள். ஒரு ஆம்பில் 100 மில்லிவோல்ட் காட்டினால் மற்றதையும் 98க்கும் 102க்கும் இடையில் நிறுத்துங்கள். அளக்கும்போது இன்-இயர் காதில் இருக்கக் கூடாது, அந்தத் தொனி பொல்லாதது. பிறகு தம்பியையோ தங்கச்சியையோ முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்து, சொல்லாமல் மாற்றச் சொல்லுங்கள். பாட்டுக்கு, இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) போன்ற வயலின் நிறைந்த ஒன்றை எடுங்கள். மேல் சுரங்களில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் வயலின் காட்டிக் கொடுத்துவிடும்.

கேள்வி: சத்தத்தைச் சமமாக்கித்தான் கேட்டேன். அப்படியும் என் நான்கு டிரைவர் இன்-இயர் ஒரு ஆம்பில் மூக்கடைத்த மாதிரியும் இன்னொன்றில் பளிச்சென்றும் பாடுகிறது. கற்பனையா? (தியத்தலாவை)

பதில்: கற்பனை இல்லை. நீங்கள் சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். ஆம்ப் வாங்கும்போது எல்லோரும் வாட்ஸைக் கேட்கிறார்கள், ஒருவரும் கேட்காத எண் ஒன்று உண்டு: ஆம்பின் வெளியீட்டுத் தடை.

பல ஆர்மச்சர் டிரைவர் கொண்ட இன்-இயரில் பெட்டியில் போட்டிருக்கும் ஓம் எல்லாச் சுரத்துக்கும் பொருந்தாது. ஒரு சுரத்தில் 40 ஓம், இன்னொன்றில் 8 ஓம் என்று ஏறி இறங்கும். ஆம்பின் தடை 10 ஓம் என்றால், 40 ஓம் இடத்தில் 2 டெசிபல் குறையும், 8 ஓம் இடத்தில் 7 டெசிபல் குறையும். யாரும் திருகாமலேயே 5 டெசிபல் ஈக்வலைசர் போட்டாயிற்று! ஆம்பின் தடை அரை ஓம் என்றால் அந்த வித்தியாசம் அரை டெசிபலுக்கும் கீழே போய்விடும். இன்-இயரின் ஓம் அளவில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே ஆம்பின் தடை இருக்கட்டும் என்று சொல்வது இதனால்தான். டிரைவர் ஒன்றே உள்ள சாதாரண டைனமிக் இன்-இயரில் ஓம் அநேகமாக ஒரே மட்டத்தில் நிற்பதால் இந்தத் தொல்லை இல்லை.

1991இல் வந்த எடிமோட்டிக் இஆர்-4 வரிசையில் இதையே வேண்டுமென்று செய்தார்கள். இஆர்-4பி மாடலில் 75 ஓம் தடை உள்ள சிறு வயரைச் சேர்த்தால் அது இஆர்-4எஸ் ஆகிவிடும், மேல் சுரம் எடுப்பாகும். ஒரு வாட்டும் கூடவில்லை, ஒலி மட்டும் மாறியது. ஆகவே உங்களுக்குப் பிடித்தது அந்தப் ‘பளிச்’ என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். பலத்துக்கென்று மட்டும் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: புளூடூத் இயர்பட்ஸுக்கு எந்த ஆம்ப் நல்லது? (ஹாலிஎல)

பதில்: ஏற்கெனவே உங்கள் காதுக்குள் இருப்பது. அதன் ஆம்ப் அதற்குள்ளேயே இருக்கிறது, வெளியில் இருந்து சேர்க்க வழியில்லை.

கேள்வி: பெரிய ஆம்பில் போட்டால் பாட்டு நின்றதும் ‘ஸ்ஸ்’ என்று கேட்கிறது. சத்தத்தைக் குறைத்தால் இடது காது மட்டும் பாடுகிறது. இன்-இயர் பழுதா? (வெலிமடை)

பதில்: இன்-இயர் சுகமாக இருக்கிறது. அதற்கு ஆம்ப் பெரிதாகிவிட்டது. பெரிய ஹெட்ஃபோனில் கேட்காத இரைச்சலைக்கூட கூர்மையான இன்-இயர் எடுத்துக் காட்டும், அதிலும் மலைநாட்டு இரவின் அமைதியில். சத்தம் திருகும் குமிழின் தொடக்கத்தில் இடதும் வலதும் ஒத்துப் போகாதது மலிவுக் குமிழ்களின் பொதுவான குணம். ஆம்பில் ‘ஹை - லோ கெய்ன்’ சுவிட்ச் இருந்தால் லோவில் வையுங்கள். குமிழைப் பாதிவரை திறக்க முடியும், இரண்டு காதும் சமமாகும், இரைச்சலும் பெரும்பாலும் அடங்கும். ஆம்பைப் போட்ட பிறகே இன்-இயரைக் காதில் வையுங்கள்; போடும்போது வரும் ‘டப்’ நேராகச் செவிப்பறைக்குப் போகும்.

கேள்வி: லயத்தில் நானே 4440 ஐசி போர்டில் செட் செய்து வைத்திருக்கிறேன். ஸ்பீக்கர் வயரில் ஹேண்ட்ஸ்ஃபிரீ பிளக்கை ஒட்டிக் கேட்கலாமா? (பசறை)

பதில்: வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். அந்த ஐசி 4 ஓம் ஸ்பீக்கருக்கு 6 வாட் தரும்போது கம்பியில் கிட்டத்தட்ட 5 வோல்ட் இருக்கும். அதே 5 வோல்ட் உங்கள் 32 ஓம் இன்-இயருக்குப் போனால் 130 டெசிபலைத் தாண்டும். நீங்கள் பிரிட்ஜ் முறையில் இணைத்திருந்தால் இன்னொரு ஆபத்து: அங்கே ஸ்பீக்கரின் மைனஸ் கம்பி தரைக் கம்பி அல்ல. ஹேண்ட்ஸ்ஃபிரீ பிளக்கில் இரண்டு காதுக்கும் பொதுக் கம்பி ஒன்றுதான், ஆகவே போர்டும் எரியலாம். சொந்தக் கையால் செட் செய்யத் தெரிந்த உங்களுக்கு நல்ல கை இருக்கிறது. ஹெட்ஃபோனுக்கென்றே வரும் சிறு ஐசியில் அடுத்ததைச் செய்யுங்கள்.

கேள்வி: காமன் கூத்தில் அப்பா தப்பு அடித்ததைப் போனில் எடுத்து வைத்திருக்கிறேன். இன்-இயரில் அந்த அடி இறங்கவே இல்லை. ஆம்ப் போட்டால் வருமா? (நமுனுகுலை)

பதில்: முதலில் ஒரு சோதனை. பாட்டு ஓடும்போது இன்-இயரை விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். பேஸ் திடீரென நிறைந்தால் குறை ரப்பர் முனையில்தான். காதுத்துளை அடைபடாவிட்டால் பேஸ் வெளியே கசிந்துவிடும், நூறு வாட் கொடுத்தாலும் நிற்காது. பெட்டியில் வந்த மூன்று அளவையும் போட்டுப் பாருங்கள்; இடதுக்கு ஒன்று, வலதுக்கு வேறு என்று வருவது சகஜம். போடும்போது மறு கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்தால் சரியாக உட்காரும்.

முனை சரியாகியும் அடி இறங்கவில்லை என்றால் பதிவில்தான் குறை. தப்புக்குப் பக்கத்தில் போனைப் பிடித்தால் மைக் திணறி, ஒவ்வொரு அடியின் உச்சியையும் வெட்டிவிடும். வெட்டியதை எந்த ஆம்பும் ஒட்டித் தராது. அடுத்த மாசியில் பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று, போனின் பதிவு அளவைக் குறைத்து, அப்பாவை மறுபடியும் அடிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அவர் அடிக்கும் காலத்திலேயே அது நல்லபடி பதிவாக வேண்டும்.

கேள்வி: அப்போது பெரிய ஆம்ப் யாருக்குத்தான்? (எல்ல)

பதில்: ஹைஃபைமேன் எச்இ-6 ஹெட்ஃபோன் வைத்திருப்பவருக்கு. அது 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான் தரும்; மேலே சொன்ன 105 டெசிபல் இன்-இயரின் சத்தத்தை எட்ட நூறு மடங்குக்கு மேல் மின்சாரம் கேட்கும். 300 ஓம் சென்ஹைசர் எச்டி 600க்கும் நல்ல ஆம்ப் பயன்படும். காதுக்குள் செருகுவதில் ப்ளேனர் வகைகூட ஒரு நல்ல டொங்கிளில் திருப்தியாகப் பாடும்.

கேள்வி: தண்டவாளம் வழியாகத்தான் வேலைக்கு நடக்கிறேன். சத்தத்தைக் குறைத்து வைத்தால் ரயில் கேட்கும்தானே? (அப்புத்தளை)

பதில்: கேட்காது. நன்றாகப் பொருந்திய இன்-இயர், பாட்டே ஓடாவிட்டாலும், வெளிச்சத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் அடைத்துவிடும். மூடுபனியில் கண்ணும் உதவாத பாதை அது. வளைவும் அதிகம். ரோட்டுக்கு ஏறும்வரை இரண்டும் சட்டைப் பையில் இருக்கட்டும். இந்தப் பதில்களில் ஒன்றை மட்டும் பின்பற்றுவீர்கள் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

கேள்வி: ஏ.எல். படிக்கும் மகன் இரவெல்லாம் ஹேண்ட்ஸ்ஃபிரீயோடு. இப்போது ஆம்பும் கேட்கிறான். எவ்வளவு நேரம் கேட்கலாம்? (மடுல்சீமை, ஒரு தாய்)

பதில்: உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 40 மணித்தியாலம், அதுவும் 80 டெசிபலில். சத்தம் 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு தடவையும் நேரம் பாதியாகும்: 83இல் 20, 86இல் 10, 89இல் 5. சிறு பிள்ளைகளுக்கு 75 டெசிபல்தான். போனின் அமைப்புகளில் சத்தத்துக்கு எல்லை போட இடமுண்டு, மகனோடு உட்கார்ந்து சேர்ந்தே போடுங்கள் அக்கா. ஆனால் ஆம்ப் வந்துவிட்டால் குமிழ் அவன் கையில், போனில் போட்ட எல்லைக்கு அர்த்தமில்லாமல் போகும். அந்தக் காசுக்கு நல்ல முனைகள் கொண்ட இன்-இயர் வாங்கிக் கொடுங்கள். வெளிச்சத்தம் அடைபட்டால் அவனே சத்தத்தைக் குறைப்பான். கழற்றிய பிறகும் காதில் ‘கிண்’ என்று இரைகிறது என்று எப்போதாவது சொன்னால், பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்காமல் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.